நான்கு நிற உருண்டையை விடுவதா, வைத்திருப்பதா?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்டே கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், சார்ஜர் செருகும் இடம் ஆடுகிறது என்று மடிக்கணினியைக் கொண்டுவந்தார். திருத்திவிட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே விவால்டி என்ற இணைய உலாவி. என் மேசைக்கு வரும் கணினிகளில் அதைக் காண்பது மிக அரிது. விசாரித்தேன்.

“நான்கு மாதமாக இதைத்தான் பாவிக்கிறேன், அண்ணை. நல்ல சாமான். ஆனால் என் வகுப்பில் வேறு ஒருவரிடமும் இது இல்லை. எனக்குத் தெரியாத குறை ஏதாவது இதில் இருக்கிறதா?” என்று கேட்டார். அத்தோடு விடவில்லை. கோண்டாவில் வீட்டில் அம்மாவின் கணினியிலும், அப்பாவின் கடைக் கணினியிலும் இதையே போட்டுவிடலாமா என்றும் கேட்டார்.

குறை ஒன்றும் இல்லை என்றேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போடவேண்டாம் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிரேவ், பயர்பொக்ஸ் என்று பெயர் மாறினாலும், குரோமை விட்டு மாறலாமா என்ற இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது சொல்லி முடிக்க முடியாத விடை இது. ஆகையால் எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

பலர் வேகத்தில் தொடங்குவார்கள். நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகிய ஐந்துக்கும் அடியில் ஓடுவது குரோமியம் என்ற ஒரே நிரல்தான். பரவலாகப் பாவிக்கப்படுபவற்றில் வேறு இயந்திரம் கொண்டவை பயர்பொக்ஸும் அப்பிளின் சபாரியும் மட்டுமே. ஒரே என்ஜினைப் பூட்டி, கூட்டுக்கு மட்டும் வேறு வர்ணம் அடித்த ஐந்து ஓட்டோக்களில் எது வேகமாக ஓடும் என்று வாதாடிப் பயனில்லை.

தமிழ் எழுத்தும் இன்று அளவுகோல் அல்ல. ஒரு காலத்தில் அதுவே முதல் அளவுகோலாக இருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்த 2005ஆம் ஆண்டளவில் நான் ஓர் இணையக் கடையில் வேலை செய்தேன். கொழும்பிலிருந்து வந்த நண்பர் குறுந்தட்டில் பயர்பொக்ஸ் கொண்டுவந்தார். ஆசையோடு ஆறு கணினிகளிலும் போட்டேன். மறுநாள் காலையில் செய்தி வாசிக்க வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். அந்நாளில் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல தமக்கென்று ஓர் எழுத்துருவை வைத்து அதைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. அந்த வித்தை விண்டோஸோடு வந்த இன்ரர்நெற் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பலித்தது. பயர்பொக்ஸில் தலைப்புச் செய்தி ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தது. மத்தியானத்துக்குள் ஆறையும் பழையபடி மாற்றிவிட்டேன். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறை பரவியபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று குரோமும் பயர்பொக்ஸும் தமிழைக் கோர்க்க ஹார்ப்பஸ் என்ற ஒரே திறந்த மூல நிரலையே நம்பியிருக்கின்றன. ‘கொ’ இரண்டிலும் ஒழுங்காகவே வரும்.

ஆகவே நான் பார்ப்பவை வேறு. வங்கித் தளமும் அரச விண்ணப்பப் பக்கங்களும் முரண்டு பிடிக்காமல் திறக்கின்றனவா? விளம்பரமும் பின்தொடரும் நிரலும் எவ்வளவு டேட்டாவைத் தின்கின்றன? நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி தாங்குமா? கடவுச்சொற்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு சிரமம்? அந்த உலாவி யாருடைய காசில் ஓடுகிறது, நாளைக்கும் இருக்குமா?

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று: பழுதானால் யார் வந்து பார்ப்பார்? கொக்குவிலில் இருக்கும் ஒரு மாமியின் கதைதான் இதை எனக்குப் புரியவைத்தது. அவருடைய கணினியில் விளம்பரத் தொல்லை தாங்கவில்லை என்று, குரோமைக் கழற்றிவிட்டு வேறொரு நல்ல உலாவியைப் போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொற்களையும் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் எல்லாத் தளங்களும் அவரைப் புது ஆளாகப் பார்த்தன. மின்னஞ்சல் உறுதிப்படுத்தும் எண் கேட்டது. அந்த எண் போய்ச் சேர்ந்தது ரொறொன்ரோவில் இருக்கும் மகனின் கைத்தொலைபேசிக்கு. இங்கே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு. அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் திரையைப் பார்த்துவிட்டு, “இது எனக்குத் தெரியாது, மாமி” என்று போய்விட்டான். மூன்றாம் நாள் என் கடை வாசலில் நின்றார். “தம்பி, அந்த நான்கு நிற உருண்டை எங்கே? எனக்கு அதுதான் இன்ரர்நெற். அதைத் திருப்பித் தா” என்றார்.

நான் போட்டுக் கொடுத்த உலாவி நல்லதுதான். அதை அறிந்த பையன் ஒருவன் அந்த ஒழுங்கையில் இல்லை, அவ்வளவுதான்.

## நல்லது ஏன் ஆள் சேர்க்க முடியாமல் தவிக்கிறது

பெயர் தெரியாத நல்ல உலாவிகளின் வரலாறு, பிறர் வீட்டுக்கு விருந்து சமைத்துப் போட்டவர்களின் வரலாறு. 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கணினிகளுக்காக கொன்கரர் என்றோர் உலாவி வந்தது. அதன் இயந்திரத்தை அப்பிள் எடுத்து 2003இல் சபாரியைக் கட்டியது. அது வெப்கிற் ஆனது. 2013இல் கூகுள் அதிலிருந்து பிளிங் என்று கிளை பிரித்தது. இன்று குரோமில் ஓடுவது அந்தக் கிளைதான். கொன்கரரின் பெயரை என் கடைக்கு வரும் எவரும் கேள்விப்பட்டதில்லை. அதன் பேரப்பிள்ளை எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

நோர்வேயின் ஓபராவுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். மவுஸை அசைத்தே கட்டளையிடுவது, புதிய தாவலில் பிடித்த தளங்களைச் சிறு படங்களாக அடுக்குவது எல்லாம் அதில் முன்னரே இருந்தன. நல்ல அம்சம் ஒன்று வந்ததும் பெரியவர்கள் பார்த்தெழுதிவிடுவார்கள். பிறகு சிறியதற்கு மாற ஒரு காரணம் குறைந்துவிடும். 2013இல் ஓபரா தன் சொந்த இயந்திரத்தையே கைவிட்டு குரோமியத்துக்குப் போனது.

தளங்கள் செய்யும் அநியாயம் தனி. ஒவ்வோர் உலாவியும் ஒரு தளத்துக்குப் போகும்போது தன் பெயரைச் சொல்லும். 2009இல் ஓபரா பத்தாம் பதிப்பை வெளியிட ஆயத்தமானபோது, பல தளங்களின் நிரல்கள் ‘10’ என்பதன் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து, இது ஒன்றாம் பதிப்பு, மிகப் பழையது என்று வெளியே தள்ளின. கடைசியில் ஓபரா தன்னை ‘9.80’ என்று பொய் சொல்லியே உள்ளே போனது. பத்து ஆண்டு கழித்து, 2019 டிசம்பரில், விவால்டியும் தன் பெயரைப் பெரும்பாலான தளங்களில் மறைத்து, குரோம் போலக் காட்டிக்கொள்ளத் தொடங்கியது. இயந்திரம் ஒன்றுதான், பக்கம் ஒழுங்காகத்தான் ஓடும்; பெயரைக் கேட்டதும் கதவு மூடப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பெயரை மறைத்ததால் அதைப் பாவிப்பவர்கள் எண்ணிக்கைக் கணக்குகளில் குரோம் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். ஆள் இருந்தும் ஆளில்லாத கணக்கு.

பிறகு காசு. புதுக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் முதலே எது இருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலானோர் திறக்கிறார்கள். அந்த முதல் இடத்தின் விலை என்ன? சபாரியின் தேடல் இயந்திரமாகத் தானே இருப்பதற்காக கூகுள் 2022இல் மட்டும் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் விண்டோஸில் உலாவித் தெரிவுத் திரையைக் காட்டச் சொன்னது. அதைப் பல மாதங்கள் காட்டாமல் விட்டதற்காக மைக்ரோசொப்ட்டுக்கு 2013இல் 56.1 கோடி யூரோ தண்டம் விழுந்தது. முதல் இடத்துக்கு இவ்வளவு அடிபிடி என்றால், விளம்பரத்துக்கே காசில்லாத சிறு நிறுவனம் எங்கே போகும்?

இத்தனையையும் மீறி ஒன்று வென்றது. 2004 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ். எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வந்ததோடு மைக்ரோசொப்ட் தூங்கிவிட்டது. ஏழாம் பதிப்பு 2006இல்தான் வந்தது. வைரஸும் துள்ளி வரும் விளம்பரமுமாகச் சனம் நொந்திருந்தது. ஏறத்தாழ 10,000 பேர் தம் கைக்காசைப் போட்டு நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்கம் விளம்பரம் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கணினியில் அதைப் போட்டுவிட்டு, பழுதானால் தாங்களே போய்ப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஒழுங்கைக்கும் ஒரு பையன் கிடைத்தான்.

## குரோம்

தளங்களைக் கட்டுகிறவர்கள் முதலில் இதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே வங்கி, விண்ணப்பம், இணையவழி வகுப்பு எதுவும் மறுக்காது. கூகுள் கணக்கைப் போட்டால் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் உள்ள கடவுச்சொல் கணினிக்கும் வரும். உதவி கேட்டால் பேரப்பிள்ளை முதல் தொடர்பாடல் நிலையத்தில் போட்டோப் பிரதி எடுக்கும் பெண் வரை யாரும் கை கொடுப்பார்கள்.

செலவு எங்கே? விளம்பரத்தால் வாழும் நிறுவனம் செய்த உலாவி இது. யூபிளொக் ஒரிஜின் என்ற மிகச் சிறந்த விளம்பரத் தடுப்பு, நீட்சிகளுக்கான (உலாவியோடு கூட்டிப் போடும் சிறு நிரல்கள்) விதிகளை கூகுள் மாற்றியதால் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக குரோமில் செயலிழந்தது. மெலிந்த ‘லைற்’ வடிவம் மிஞ்சியிருக்கிறது. அன்ட்ரொயிட் குரோமில் நீட்சியே கிடையாது. டேட்டாவைச் சுருக்கித் தந்த ‘லைற் மோட்’ வசதியையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். கைத்தொலைபேசிக்கு முற்பணமாக ரீலோட் போட்டு இணையம் பார்ப்பவருக்கு இந்த இழப்பு மாதக் கடைசியில்தான் தெரியும்.

## எட்ஜ்

விண்டோஸோடு வருவதால் இதைப் பலர் குரோமைத் தரவிறக்கும் கருவியாக மட்டும் பாவிக்கிறார்கள். அது அநியாயம். 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியபின் இது குரோமுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. பாவிக்காத தாவல்களைத் தூங்கவைப்பதால் பழைய கணினிக்கும் ஆறுதல்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும் வசதியில் தமிழ் உண்டு. அதிலும் இலங்கைத் தமிழ் என்று குறிப்பிட்டு குமார், சரண்யா என இரண்டு குரல்கள் உண்டு. கண்ணில் வெண்படலம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதைக் காட்டிக் கொடுத்தேன். இப்போது காலைத் தேநீரோடு சரண்யா அவருக்குப் பத்திரிகை வாசிக்கிறாள். உச்சரிப்பில் பிழை விட்டால் திருத்துகிறார், பழக்கதோஷம்.

ஆனால் எட்ஜின் நச்சரிப்பு பெரிது. அதை வை, இதை இணை, என்னையே முதன்மையாக்கு என்று விடாமல் கேட்கும். முதல் பக்கத்தில் குவியும் செய்திக் குப்பையை அணைத்துவிட்டுத்தான் ஒருவருக்குக் கொடுக்கவேண்டும்.

## பயர்பொக்ஸ்

யூபிளொக் ஒரிஜின் முழு வலுவோடு ஓடும் பெரிய உலாவி இன்று இது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியிலும் அதைப் போடலாம். டேட்டா மிச்சம் கண்கூடு. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைக் கணினிகளுக்கும் இதுவே துணையாக நின்றது. குரோம் 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. பயர்பொக்ஸின் 115ஆம் நீடித்த பதிப்பு அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொடுத்தது. அதுவும் நிரந்தரமல்ல, கணினியை மாற்றக் காசு சேரும்வரை என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: வேறு இயந்திரம் என்பதால் சில உள்ளூர்த் தளங்கள் இதில் ஓட்டிப் பார்க்கப்படாமலே வெளிவருகின்றன. ஒரு வங்கியின் பக்கத்தில் ‘சமர்ப்பி’ பொத்தான் இதில் அசையவேயில்லை. குரோமில் போய்ச் செய்தேன். மற்றது, இதைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலை முதன்மையாக வைத்திருப்பதற்காக கூகுளே கொடுக்கும் காசு. போட்டிக்காரன் கையால் சாப்பிடும் நிலை. 2020இல் ஏறத்தாழ 250 பேரை வேலையால் நிறுத்தினார்கள்.

## பிரேவ்

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியை உருவாக்கியவரும் மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவருமான பிரெண்டன் ஐக்கின் நிறுவனம் இது. போட்டவுடனேயே விளம்பரம் நிற்கும். எதையும் சேர்க்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் மட்டும் ஒன்று மாற்ற விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கிரிப்டோ என்ற இணைய நாணயத்துக்கான பணப்பை, வெகுமதிப் புள்ளி என்று கூடவே வருபவற்றை அணைத்துவிடுங்கள். 2020இல், சில கிரிப்டோ தள முகவரிகளைத் தட்டும்போது தன் பங்குக் காசுக்கான குறியீட்டைத் தானாகச் சேர்த்துப் பிடிபட்டு மன்னிப்புக் கேட்டது. அதை நான் மறக்கவில்லை, நீங்கள் மன்னிக்கலாம்.

## விவால்டி

ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோன் வொன் டெட்ஸ்னர் அங்கிருந்து விலகிக் கட்டியது. முதல் பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. தாவல்களை அடுக்கலாம், இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து வாசிக்கலாம், குறிப்பு எழுதலாம், மின்னஞ்சலும் உள்ளேயே பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இது வரப்பிரசாதம்.

அதே வசதிகள்தான் மற்றவர்களுக்குச் சுமை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஆசுபத்திரிப் படிவம் போல நீளும். பழைய கணினியில் திறக்கவே நேரம் எடுக்கும். குரோமில் வரும் பாதுகாப்புத் திருத்தம் சிறிய உலாவிகளுக்குச் சற்றுத் தாமதமாக வருவதும் உண்டு. மூடிவிடும் ஆபத்தையும் எண்ணவேண்டும். 2023இல் எல்லாரும் புகழ்ந்த ஆர்க் உலாவியை அதன் நிறுவனமே அடுத்த ஆண்டில் புது அம்சங்கள் இல்லை என்று ஓரம்கட்டிவிட்டு வேறொன்றைச் செய்யப் போனது. விவால்டி ஊழியர்களுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால் சற்று நம்பலாம்.

ஓபரா மினியைப் பற்றி ஒரு வார்த்தை. நோக்கியா பொத்தான் காலத்தில் அதுதான் எங்களுக்கு இணையம். பக்கத்தைத் தன் சேவையகத்தில் சுருக்கி அனுப்பியதால் காசு மிச்சமானது. அதனாலேயே விளம்பரம் இல்லாமல் கைக்குக் கை பரவியது. ஆனால் கூடிய சுருக்கத்தில் எல்லாம் அவர்களுடைய சேவையகத்தினூடாகப் போகும். வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

## ஒரு பார்வையில்

| உலாவி | வங்கி, அரச தளங்கள் | விளம்பரத் தடுப்பு | பழைய கணினி | மறைந்த செலவு | பழுதானால் |
|---|---|---|---|---|---|
| குரோம் | மறுக்காது | அரைகுறை | மூச்சு வாங்கும் | உங்கள் தரவு, டேட்டா | யாரும் உதவுவர் |
| எட்ஜ் | மறுக்காது | அரைகுறை | பரவாயில்லை | நச்சரிப்பு | குரோம் தெரிந்தவர் சமாளிப்பார் |
| பயர்பொக்ஸ் | சிலவேளை முரண்டு | மிக நன்று | பரவாயில்லை | இரண்டாவது உலாவி வேண்டும் | சிலர் |
| பிரேவ் | பெரும்பாலும் திறக்கும் | நன்று | பரவாயில்லை | கிரிப்டோ தொந்தரவு | மிகச் சிலர் |
| விவால்டி | பெரும்பாலும் திறக்கும் | நன்று | பாரம் | பழகும் நேரம் | நீங்களே |

வெளிநாட்டிலிருந்து வந்த ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த அட்டவணையால் குழம்பவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே அப்பிளின் வெப்கிற்தான். அங்கே மாற்றுவது சட்டையை மட்டும்.

## யாருக்கு எது

தன் பழுதைத் தானே பார்க்கக்கூடியவர் என்றால் விவால்டியோ பயர்பொக்ஸோ, தயங்காமல் போகலாம். குரோமை அழிக்காமல் ஓரமாக வைத்திருங்கள், மறுக்கும் தளங்களுக்கு. பிறருக்குப் போட்டுக் கொடுப்பதென்றால் அவருக்கு அருகில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகும் மகள் உண்டென்றால் பயர்பொக்ஸ் போடலாம். ஒருவரும் இல்லையென்றால் இருப்பதைத் திருத்திக் கொடுங்கள், மாற்றாதீர்கள்.

மாணவரிடமும் அதைத்தான் சொன்னேன். அவருடைய விவால்டி அப்படியே இருக்கட்டும். அம்மாவின் குரோமில் யூபிளொக் ஒரிஜின் லைற் மட்டும் போட்டோம். அப்பாவின் இரும்புக்கடையில் பில் அடிக்கும் கணினி விண்டோஸ் 7, அதற்கு பயர்பொக்ஸ். கடவுச்சொற்களை மாற்றும்போது குரோம் அவற்றை ஒரு கோப்பாக எழுதித் தரும். பூட்டு ஒன்றும் இல்லாத வெறும் எழுத்து. யார் திறந்தாலும் வாசிக்கலாம். மாறிய உற்சாகத்தில் அதை அழிக்க மறக்கிறவர்களே அதிகம். அந்தக் கணினியின் தரவிறக்கக் கோப்புறையில் முன்பு யாரோ மாற்ற முயன்று விட்டுப்போன அதே மாதிரிக் கோப்பு ஒன்று கிடந்தது. வங்கிக் கடவுச்சொல் அதில் நான்காவது வரி. அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கி, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி முதலாளியை எழுப்பினேன். மனிதர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்.